வலது இடுப்பில் புள்ளிகள்

காலை நாலே முக்காலுக்குக் கிணற்றில் வாளி இறங்கியது.

அம்சா பாயில் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். உருளை இரண்டு சுற்று கிறீச்சிட்டு நின்றது. தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு துவைக்கிற கல்லில் துணி. அடிக்கவில்லை, கசக்குகிற சத்தம்தான். துவைக்கத் தெரியாத ஒருவன் ஓசைப்படாமல் துவைக்கப் பார்க்கிற சத்தம்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வீராசாமி தன் துணியைத் தானே துவைத்ததில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வரும்வரை அழுக்கு வேட்டியோடுதான் இருப்பான். இப்போது மூன்று மாதமாக, வாரத்தில் நாலு நாள், தெரு எழுமுன் எழுந்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறான். அவள் போய்ப் பார்க்கும்போது வேட்டி காய்ந்துகொண்டிருக்கும். வாசல் கொடியில் இல்லை. முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், வேலியோரம், அவளுக்கு வேலை இல்லாத இடத்தில்.

வீராசாமி அவளுக்கு அத்தை மகன். பாவாடை கட்டிய நாளிலிருந்தே பாவா என்றுதான் கூப்பிடுவாள். ஐம்பத்திரண்டு வயது. திருத்தணியில் மலைக்குக் கீழே நெசவுக்காரர் தெருவில், குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்து முப்பத்தைந்து வருஷம் லுங்கி நெய்தவன். வலது இடுப்பு எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் அது உதிர்ந்துவிட்டது என்றார்கள். போன வருஷம், எண்பத்தொன்றில், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அந்தப் பந்தை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். குத்துக்காலிடக் கூடாது, சம்மணம் கூடாது, குழியில் இறங்கவே கூடாது. இப்போது தறியில் அம்சா உட்காருகிறாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல்தாரைச் சுற்றித் தருகிறான்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டாக்டர் பரந்தாமன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“உள்ளே வெச்சதுல சீழ் பிடிச்சுட்டா மருந்து கேக்காதும்மா. மொத்தத்தையும் எடுத்துட வேண்டியதுதான். காய்ச்சல் வந்தா, தழும்புல ஈரம் தெரிஞ்சா, அன்னைக்கே கூட்டிட்டு வரணும். ஆம்பளைங்க மறைப்பாங்க. நீங்கதான் பாத்துக்கணும்.”

அன்றிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“பாவா, தழும்பைக் காட்டு.”

“இன்னாத்துக்கு?”

“பாக்கறேன்.”

“நேத்து பாத்தது இன்னிக்கு வேற மாதிரியா ஆயிட்டுது?”

“நேத்து எங்க காட்டின? ஒரு மாசமா காட்டல.”

“போய்த் தறில உக்காரு. நூலு காத்துகினு கீது.”

பக்கத்து வீட்டு ஞானம்மாள் தெருக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“கொடுத்து வெச்சவடி நீ. எங்கூட்டுல ஒண்ணு கீது, குடிச்ச டம்ளரைக் கவுத்து வெக்காது. உன் ஊட்டுக்காரரு விடியறதுக்குள்ள துணி தோச்சிக் காயப் போட்டுடறாராமே?”

“யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? எங்க மாடிப்படில நின்னா உங்க கெணறு தெரியாதா?” குடம் நிரம்பியது. அதை எடுக்காமல் குரலைத் தாழ்த்தினாள். “இன்னாத்துக்கோ செய்யறாரு. எங்க மாமனாரு இப்பிடித்தான். கால்ல புண்ணை வெச்சுகினு ஆறு மாசம் மறைச்சாரு. மோந்து பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

“வாயைக் கழுவு.”

“நான் இன்னா சொல்லிட்டேன்? எங்க மாமனாரைப் பத்திச் சொன்னேன்.”

அன்று மத்தியானம் அவன் தூங்கும்போது அம்சா வேலியோரம் போனாள். வேட்டியை மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை. இன்னும் இரண்டு நாள் அப்படியே போனாள். மூன்றாவது நாள் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை இருந்தது. இருட்டில் துவைத்ததில் தப்பியிருக்கிறது. வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் என்றால் சீழ். வேறு எதையும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆனி கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனார்கள். டாக்டர் பரந்தாமன் கேள்வி கேட்டார். வீராசாமி எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னான்.

“வலி?”

“இல்லீங்க.”

“காய்ச்சல்?”

“இல்லீங்க.”

“தழும்புல ஈரம், கசிவு?”

“இல்லீங்க.”

டாக்டர் அவளைப் பார்த்தார்.

“கீதுங்க,” என்றாள் அம்சா. “எழுந்திருக்கறப்போ பல்லைக் கடிக்கிறாரு. துணியில மஞ்சளா வருது. எனக்குத் தெரியாம விடியக்காலைல தோச்சிடறாரு.”

வீராசாமி திரும்பி அவளைப் பார்த்தான். கோபத்தை எதிர்பார்த்தாள். கோபம் இல்லை. பயம். பயப்படுகிறான் என்றால் உண்மைதான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

“நீங்க சொல்றது சரியா, அம்மா சொல்றது சரியா?” என்றார் டாக்டர்.

வீராசாமி தரையைப் பார்த்தான். “அவ சொல்றதே இருக்கட்டுங்க.”

தழும்பு காய்ந்துதான் இருந்தது. உள்ளே ஓட்டை விழுந்து, கசிந்து, தானாக மூடிக்கொள்வதும் உண்டு என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை போலக் கறுப்பாக ஒரு கோடு. ரத்தப் பரிசோதனையும் சரியில்லை. ஆனாலும் சீழ்தான் என்று முடிவு செய்ய அது போதும் என்று அவருக்குத் திருப்தி இல்லை.

“எக்ஸ்ரே எலும்பு எப்படி இருக்குன்னு காட்டும். அது உள்ளே என்ன செஞ்சுட்டிருக்குன்னு காட்டாது. வேற ஒரு படம் இருக்கு. கையில ஒரு ஊசி போடுவோம். லேசா கதிர் வீசற மருந்து. ரத்தத்தோட போய் எலும்புல உக்காரும். எங்க கோளாறோ அங்க அதிகமா உக்காரும். மெஷின் மேலே போய்வந்து, எங்கெங்க எவ்வளவு இருக்குன்னு தாள்ல புள்ளி வைக்கும். புள்ளி நெருக்கமா விழுந்தா அங்க சந்தேகம்.”

“கதிருன்னா கரண்டுங்களா?”

“கரண்ட் இல்லம்மா. ஆறு மணி நேரத்துல பாதியா குறைஞ்சிடும். ரெண்டு நாள்ல ஒண்ணும் இருக்காது. அந்த மருந்துக்கான சரக்கு பம்பாயிலேருந்து திங்கக்கிழமை பிளேன்ல வருது. வியாழக்கிழமைக்குள்ள தீந்துபோகும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்துடுங்க.”

வெளியே வந்ததும் அம்சா கேட்டாள். “ஏன் பாவா மறைச்ச?”

“நான் இன்னாத்தை மறைச்சேன்?”

“அதான் டாக்டருகிட்ட ஒத்துக்கினியே.”

அவன் கைத்தடியை ஊன்றி முன்னால் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சரில் அரக்கோணம் போய் எலெக்ட்ரிக் ரயில் பிடித்தார்கள். ஆடிக் கிருத்திகை நெருங்கியதால் எதிர்த்த ரயில்களில் மஞ்சள் துணிக் கூட்டம். ஆஸ்பத்திரியில் அந்தப் படம் எடுக்கிற இடம் கீழ்த்தளத்தில், நீண்ட தாழ்வாரத்தின் நடுவில் இருந்தது. காஞ்சனா என்ற பெண்தான் அங்கே எல்லாம். இருபத்தைந்து வயதிருக்கும். ஈயச் சிமிழிலிருந்து ஊசியை எடுத்துக் குத்தினாள்.

“மூணு மணி நேரம் காத்திருக்கணும். நிறைய தண்ணி குடிக்கணும். அடிக்கடி பாத்ரூம் போயிட்டு வரணும். எலும்புல ஒட்டாத மருந்தெல்லாம் மூத்திரத்துலதான் வெளியே போகும்.” அம்சாவின் பக்கம் திரும்பினாள். “ரெண்டு நாளைக்கு இவர் துணியைத் தனியா தோய்ங்க. கைக்குழந்தை, பிள்ளைத்தாச்சி யாரும் பக்கத்துல வேண்டாம். புரிஞ்சுதா?”

“ஆங்.”

வீராசாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூலையில் மண்பானையும் டம்ளரும் இருந்தன. முதல் டம்ளரைக் குடித்தான். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பக்கத்திலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினான்.

“இன்னா பாவா பண்ணிகினு கீற?”

“தண்ணி சூடா கீது.”

“பானைத் தண்ணியா சூடு?” அவள் எழுந்து டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து அவன் எதிரில் நின்றாள். “குடி.”

“போதும்டி. வயிறு இன்னா நம்மூரு கொளமா?”

“குடி. படம் தப்பா வந்துதுன்னா திரும்பியும் ஊசி. எதுக்கு நீ பயப்படற? இல்லாதது அதுல வந்துடப் போவுதா?”

அவன் குடித்தான். ஆறு டம்ளர், அவள் கண்ணெதிரில். படத்தில் தெரியாமல் போக வழி தேடுகிறான் என்று நினைத்தாள். விடக் கூடாது என்று நினைத்தாள்.

பாத்ரூம் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. கைத்தடியோடு போய்வர அவனுக்கு நேரமாகும். இரண்டு தடவை போய் வந்தான். மூன்றாவது தடவை எழுந்தபோது அவசரமாக எழுந்தான். பல்லைக் கடித்தான். பாதி தூரத்தில் நின்று சுவரைப் பிடித்தான். பிறகு போனான். வெகு நேரம் வரவில்லை.

வரும்போது வேட்டியை வேறு மாதிரி கட்டியிருந்தான். முன்னால் தொங்குகிற முனையைத் தூக்கி, மடித்து, வலது இடுப்பில் இறுக்கிச் சொருகியிருந்தான். கை அதன்மேலேயே இருந்தது.

“இன்னா அது?”

“காலைத் தட்டுது.”

“கையை எடு, பாக்கறேன்.”

“நாலு பேர் பாக்கற எடத்துல சும்மா இரு.”

உட்காரவும் மாட்டேன் என்றான். சீழ் வடிந்துவிட்டது, மூடுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்பதற்குள் காஞ்சனா கூப்பிட்டாள்.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே பேசுவது கேட்டது.

“வெள்ளி, இரும்பு ஏதாவது இருந்தா கழட்டுங்க. அரைஞாண் இருக்கா? அதையும்.”

“வேட்டி?”

“கவுன் சலவைக்குப் போயிருக்கு. மெல்லிசு பருத்திதானே, இருக்கட்டும். அசையாம படுங்க, போதும்.”

மெஷின் ஓடத் தொடங்கியது. ஏதோ ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. போகும்போதெல்லாம் தாளில் குத்துகிற சத்தம். டக், டக், டக். அம்சா தறிக்காரி. போய்வருகிற ஒரு சாமான் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடியே சொல்லிவிடுவாள். ஒரு இடத்தில் சத்தம் எண்ண முடியாதபடி நெருங்கியது. திரும்பி வரும்போது அதே இடம். மறுபடி அதே இடம். தாளைப் பார்க்காமலே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் டாக்டர் பரந்தாமன் அந்தத் தாளை மேஜையில் விரித்தார். புள்ளிகளால் ஆன ஒரு மனிதன். பாதி மனிதன்.

“இது முதுகெலும்பு. இங்க கீழே கறுப்பா இருக்கறது மூத்திரப்பை, அது எல்லாருக்கும் இருக்கும். இது இடது இடுப்பு. இது வலது.”

வலது பக்கத்தில் மை கொட்டியது போல இருந்தது.

“இவ்வளவு நான் எதிர்பார்க்கலை,” என்றார். “எடுத்துடணும். வெள்ளிக்கிழமை வந்து சேருங்க. சனிக்கிழமை காலையில ஆபரேஷன்.”

“வேற ஒண்ணு வெப்பீங்களா?” என்றாள் அம்சா.

“சீழ் இருந்த இடத்துல வைக்க முடியாதும்மா. பின்னாலயும் முடியுமான்னு சொல்ல மாட்டேன். கால் ரெண்டு அங்குலம் குட்டையாகும். ரெண்டு கக்கத்துலயும் கட்டை வெச்சுட்டு நடக்கலாம்.”

வீராசாமி ரயிலேறுமுன் பாத்ரூமுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தான். பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்சா மூன்று மாதமாகச் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. சரியானதில் ஒரு பலம் இருந்தது. திருவள்ளூர்வரை அந்தப் பலத்தில் உட்கார்ந்திருந்தாள். மணவூரில் ரயில் நின்றபோது அவன் வாயைத் திறந்தான்.

“இப்ப சந்தோஷமா?”

ரயில் கிளம்பியது. அதற்கப்புறம் அவளால் எதிரில் இருந்தவர்களைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை கிணற்றில் வாளி இறங்கவில்லை. அலைச்சலில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னது அம்சாவுக்கு ஞாபகம் வந்தது. பையைத் திறந்தாள். நேற்றைய வேட்டி அடியில், செய்தித்தாளில் சுருட்டி, நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அழுக்குத் துணியை யார் நூல் போட்டுக் கட்டுவார்கள்?

முற்றத்துக்கு எடுத்து வந்து பிரித்தாள். ஒரு முனை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதே மஞ்சள். மூக்கருகே கொண்டு போனாள்.

சீழ் நாற்றம் அவளுக்குத் தெரியும். அவளுடைய நைனா சர்க்கரைப் புண்ணோடு இரண்டு வருஷம் படுத்திருந்தவர். கட்டுப் பிரித்துக் கட்டியது அவள்தான். இது அது இல்லை. இது கைக்குழந்தை இருக்கிற எல்லா வீட்டிலும் வருகிற வாசனை.

அவள் அந்த வேட்டியைத் தன் புடவைக்கு மேல் சுற்றிக் கட்டினாள். நேற்று அவன் செய்ததைப் போல முனையைத் தூக்கி, மடித்து, வலது பக்கம் சொருகினாள். கறை எங்கே வந்து நின்றது என்று பார்த்தாள். கை வைத்துப் பார்த்தாள். இடுப்பு எலும்பின் மேல், அதே இடத்தில்.

எலும்பில் ஒட்டாத மருந்தெல்லாம் மூத்திரத்தில்தான் வெளியே போகும்.

தாளில் விழுந்த புள்ளிகள் எலும்பில் இருந்தவையா, துணியில் இருந்தவையா? மெஷினுக்கு என்ன தெரியும்? மேலே போனது. மருந்து இருந்த இடத்தில் குத்தியது.

“அதை இன்னாத்துக்கு எடுத்த?”

வீராசாமி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான்.

“இது சீழு இல்ல,” என்றாள்.

“குடு அதை.”

“பாவா, இது சீழு இல்ல. எத்தினி நாளா?”

அவன் நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தான். முருங்கை மரத்தைப் பார்த்துப் பேசினான். “ஆபரேஷனப்போ குழா போட்டானுங்க இல்ல, அதை எடுத்ததிலேருந்து. முன்னல்லாம் எப்பவாவது. இப்ப எழுந்திருக்கறதுக்குள்ள… காலும் எழுந்துக்க வுடமாட்டேங்குது. குந்தவும் முடியாது.”

“எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“நீ ஞானம்மாகிட்ட சொல்லுவ.”

“நானா?”

“நீதான். போன பொங்கலுக்கு எனக்கு மூலம்னு தெருவே கேட்டுது.”

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். “நேத்தும் அப்பிடித்தானா? படத்துக்கு முன்னாலயா?”

“நீதான ஆறு டம்ளர் ஊத்தின? பாதி வழில போயிடுச்சு. ஈரம் முன்னால தெரிஞ்சுது. மடிச்சுச் சொருகிகினேன். அந்தப் பொண்ணுகிட்ட இன்னான்னு சொல்றது? நம்ம வசந்தி வயசு.” வசந்தி அவர்கள் மகள், கே.ஜி.கண்டிகையில் வாழ்க்கைப்பட்டவள்.

“அன்னிக்கு நான் சீழுன்னு சொன்னப்போ இல்லன்னு சொல்லி இருக்கலாமில்ல?”

“இல்லன்னா பின்ன இன்னான்னு கேப்பாங்க.”

“எழுந்திரு. இன்னிக்கே போலாம். டாக்டருகிட்ட சொன்னா திரும்பியும் படம் எடுப்பாரு. காலு தப்பிச்சுது.”

“ரத்தம் சரியில்லன்னாரே. உள்ள வலிக்கிதே. அதுக்கு இன்னா சொல்ற? உனக்குத் தெரியுமா உள்ள சீழ் இல்லன்னு?”

அவளுக்குத் தெரியாது. நேற்றுவரை நிச்சயமாகத் தெரிந்தது. “அதுக்குத்தான் திரும்பி எடுக்கணும்ன்றேன்.”

“வேணாம்.”

“காலு போவும் பாவா.”

“கால் போனவனைப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான்.”

அவன் எழுந்தான். தடியில்லாமல் இரண்டு எட்டு வைத்து அவள் இடுப்பிலிருந்து வேட்டியை உருவினான். கிணற்றடியில் நிரம்பியிருந்த வாளியில் அமுக்கினான். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். நீரில் குமிழிகள் வந்து நின்றன.

பிறகு முகத்தைத் தூக்கினான். கூரைகளுக்கு மேலே மலையும் கோபுரமும் தெரிந்தன. அந்த ஊரில் யாரும் சத்தியம் செய்யக் கோயிலுக்குப் போக மாட்டார்கள். நின்ற இடத்திலிருந்து மலையைப் பார்த்துச் சொன்னால் போதும். சொன்னவர்கள் மீறியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. பாகத் தகராறுகூட அதோடு முடியும்.

“மலையைப் பாத்துச் சொல்லு. எனக்கு மூத்திரம் அடங்கலன்னு உன் வாயால யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

“பாவா.”

“சொல்லு. இல்லன்னா நான் வெள்ளிக்கிழமை வரமாட்டேன். இங்கயே கெடந்து சீழ் வெச்சிச் சாவறேன்.”

அவள் மலையைப் பார்த்தாள். அவன் சொன்ன வார்த்தைகளைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் முழு வழியும் யோசித்துக்கொண்டு வந்தாள். சத்தியம் அவனைப் பற்றித்தான். தன்னைப் பற்றி அவள் எதையும் சொல்லலாம். அவனுக்கு அது தெரியாது. மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

வார்டில் படுக்கை கொடுக்கும் முன் டாக்டர் அறைக்குப் போகச் சொன்னார்கள். கையெழுத்து வாங்க வேண்டும். டாக்டர் பரந்தாமன் தாளை நீட்டினார். அம்சா வாங்கவில்லை.

“டாக்டரே, அந்தப் படம் தப்புங்க.”

“என்ன தப்பு?”

“நான்தான் சிந்திட்டேங்க. அவரு மூத்திரத்தை. வேட்டி மேல. இந்தப் பக்கம்.” தன் வலது இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். “மருந்து மூத்திரத்துலதான வருதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அந்த ஈரத்தோடதான் அவரு படுத்தாரு.”

வீராசாமி சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் காஞ்சனாவை அழைத்து வரச் சொன்னார். அவள் வரும்வரை அந்தப் புள்ளித் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். புள்ளி எலும்பில் விழுந்ததா மேலே துணியில் விழுந்ததா என்று பிரித்துக் காட்டப் பக்கவாட்டில் எடுத்த படம் இல்லை. முன்னால் எடுத்தது மட்டும்தான். அவர் நெற்றி சுருங்கியது.

“காஞ்சனா, இவர் வேட்டியோடயா படுத்தார்?”

“கவுன் இல்லை சார் அன்னைக்கு.”

“வேட்டி ஈரமா இருந்துச்சா?”

அவள் அம்சாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கணக்கு ஓடியது. அம்சாவுக்கு அது தெரிந்தது. ஈரம் என்றால் தப்பு காஞ்சனாமேலும் வரும்.

“இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும் சார்.”

“தொட்டுப் பாத்தியா?”

“தொடலை. ஆனா தெரிஞ்சிருக்கும்.”

“அம்மா,” என்றார் டாக்டர், “நீங்க எங்கே சிந்தினீங்க?”

“வெளியங்க. பெஞ்சுகிட்ட. நடக்க முடியலன்னு பாட்டில்ல புடிச்சுக் குடுத்தாரு.”

“வெளியே பாட்டில் கிடையாது சார்,” என்றாள் காஞ்சனா.

“டம்ளருலங்க.”

“எந்த டம்ளர்? பானைமேல இருக்குமே, எல்லாரும் தண்ணி குடிக்கிற டம்ளர், அதுலயா?”

அம்சாவின் முகம் சிவந்தது. “ஆங்,” என்றாள்.

“நாலு பேர் உக்காந்திருக்கிற வராண்டாவுல? நீங்க தண்ணி எடுத்துக் குடுத்தீங்க, அவ்வளவுதானேம்மா. அவர் தனியாத்தான் போயிட்டு வந்தார். நான் கதவு வழியா பாத்துட்டுத்தானே இருந்தேன்.”

“அந்த வேட்டி எங்கே?” என்றார் டாக்டர்.

“தோச்சாச்சுங்க.”

“இருந்தாலும் பிரயோஜனமில்லை சார். மூணு நாளாச்சு, மருந்து செத்துப்போயிருக்கும்,” என்றாள் காஞ்சனா.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “ஆபரேஷன்னு சொன்னதும் ஆயிரம் கதை வரும். எனக்குப் பழக்கம்தான். நீங்க பொய் சொல்றீங்கம்மா. எதுக்குன்னுதான் தெரியலை.”

அம்சா வாயைத் திறந்தாள். மலையைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள் அப்படியே நாக்கில் இருந்தன. மூடிக்கொண்டாள். வீராசாமியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

டாக்டர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு வீராசாமிக்கு நேர் எதிரில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார்.

“அடுத்த மருந்து திங்கக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் காத்திருந்து, உள்ளே நிஜமாவே சீழ் இருந்துச்சுன்னா, ரத்தத்துல ஏறி உங்க உயிருக்கே வரும். காத்திருக்காம நாளைக்கு வெட்டி, உள்ளே ஒண்ணுமே இல்லேன்னா, நல்லா இருந்த மூட்டைப் பிடுங்கிப் போட்டவன் நான். தாளைப் பாத்து இதை என்னால தீர்மானிக்க முடியலை. உங்க மனைவி பேச்சை வெச்சும் முடியலை.”

காஞ்சனா கதவருகே நகர்ந்து நின்றாள். வெளியே வார்டு ஆயா யாரையோ அதட்டிக்கொண்டு போனாள். அது ஓயும்வரை டாக்டர் காத்திருந்தார்.

“நீங்க சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை அந்த மெஷின்ல படுத்தப்போ, உங்க வேட்டி ஈரமா இருந்துச்சா?”